வலைக்கு அடியில் போகும் கயிறு

ஏரிக்கரை வீடு
மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் பேனாவை மூடி மூடித் திறந்தேன். கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு நீ எனக்கு என்ன முறை என்று யாரைப் போய்க் கேட்பது? உன் அக்காவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். உனக்கும் எனக்கும் என்ன என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது. பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட்டுப் பழக்கமும் இல்லை. அதனால் பழையபடியே எழுதிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டு மேலே படி.

கோர்ட்டு வாசலில் “இனிமே போன் பண்ணாதீங்க” என்று சொன்னாய். பண்ணவில்லை. கடிதத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வீட்டுக்குப் போட்டால் யார் கையில் கிடைக்குமோ என்று, நீ லென்ஸ் தேய்க்கும் கடைக்கே போடுகிறேன்.

விஷயம் படகுதான். பாய்மரத்திலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இறங்குகிறதே, அதில் கொக்கியை மாட்டிக்கொண்டு நீ தண்ணீருக்கு மேல் மல்லாந்து நிற்பாயே, அந்தக் கம்பிகளின் அடிவளையங்களைப் படகோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிறு செத்துவிட்டது. மேலுறை கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே ரப்பர் நூல் நூலாக உதிர்கிறது. வளையங்கள் இரண்டும் காற்றில் ஆடிப் பாய்மரத்தில் மோதிக்கொண்டே இருக்கின்றன. படுக்கை அறை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, வீட்டுக்குள் ஏதோ ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் வளையம் ஒன்று நெற்றியில் அடித்தது. அதற்குமேல் தாங்கவில்லை.

கயிற்றை வெட்டி எறிந்தேன். எறிந்த பிறகுதான் உறைத்தது, அது எந்த வழியாகப் போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சுக்கான் என்னுடையது, தொங்குகிற பக்கம் முழுக்க உன்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு மிதவையும் நடுவில் ஒரு வலையும்தான் நம் படகு. பெயர்தான் கட்டுமரம், மரம் ஒரு சில்லு கிடையாது, கட்டு என்று இருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான், அதையும் அறுத்துவிட்டேன்.

எவ்வளவு நீளம், எந்த ஓட்டை வழியாக, என்ன முடிச்சு என்று எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டுமென்று கட்டாயம் இல்லை.

உன் அக்கா சௌக்கியமா?


கண்ணாடிக் கடை
மார்ச் 15

கடிதம் வந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. நானும் எழுத மாட்டேன். சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

ஒரே கயிறுதான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி இல்லை. இடது வளையத்தில் கட்டி, சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, நாம் உட்காரும் வலைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், வலது ஓட்டை வழியாக மேலே எடுத்து அந்த வளையத்தில் கட்ட வேண்டும். ஒரு பக்கம் ஆள் தொங்கும்போது மறுபக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். வலது ஓட்டையில் எப்போதும் மண் அடைந்திருக்கும். குத்தி எடுங்கள்.

நீளத்தைக் குறைத்து வெட்டாதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு அதுதான். இரண்டு வளையமும் சும்மா தொங்கும்போது கயிறு லேசாக விறைத்திருந்தால் போதும். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றி, டேப்போடு சேர்த்து வெட்டவும். இல்லாவிட்டால் ரப்பர் உள்ளே ஓடிவிடும், உறை மட்டும் கையில் நிற்கும். முடிச்சுப் போடும்போது கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே போட வேண்டும். விட்டதும் அது பருத்து முடிச்சை இறுக்கிக்கொள்ளும். தளர்வாகப் போட்டால் நழுவும்.

இவ்வளவுதான்.


ஏரிக்கரை வீடு
ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நீ அடிக்கச் சொல்லி எழுதவில்லை. அதனால் அப்படியே தொடர்கிறேன்.

நீ சொல்லியும் குறைத்தே வெட்டினேன். என்ன செய்வது, நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு மாரடிக்கிறவன். அங்கே கயிறு நூலளவு இழுபட்டால் உயிருக்கு ஆபத்து. இங்கே இழுபடாவிட்டால் பிரயோஜனமில்லை. கை பழகமாட்டேன் என்கிறது.

படகுச் சாமான் விற்கிற கடை இங்கே ஏது? பைக் கடையில் சாமான் கட்டும் எலாஸ்டிக் வாங்கினேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். படகுக்கு என்றேன். “படகுக்குக் கேரியர் வச்சிருக்கீங்களா?” என்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

வலைக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக் கயிற்றைக் கோத்தேன். அங்கே படுத்துப் பார்த்திருக்கிறாயா? பார்த்திருப்பாய், உன் இடம்தானே. வானம் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிகிறது. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றியதால் அங்கேயே கிடந்தேன். நாய் ஒன்று வந்து காலை மோந்து பார்த்துவிட்டு, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் போய்விட்டது.

பிறகு மணலில் வைத்தே சோதித்துப் பார்த்தேன். கொக்கி வைத்த உன் இடுப்புப் பட்டையை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். தீர்ப்புக்கு வந்த வாரம், நான் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கொட்டகையைத் திறந்து எடுத்திருக்கிறாய். சாவி மட்டும் ஜன்னலில் இருந்தது. இருந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு எடுத்துப் போயிருந்தால் நான் என்ன பிடுங்கியா வைத்துக்கொண்டிருப்பேன்? சரி, போகட்டும். லிஃப்ட் வேலைக்குப் போடும் பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கொக்கியை மாட்டிச் சாய்ந்தேன். மறுபக்க முடிச்சு உருவிக்கொண்டு வந்து காதோடு ஓர் அறை விட்டது. சிரிப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாததால் வலி கூடுதலாகத் தெரிந்தது.

இன்னொரு கயிறு வாங்கி மறுபடி கட்டுகிறேன். காற்று வரத் தொடங்கிவிட்டது. இந்த மாதம் படகை இறக்கப்போகிறேன். தனியாகத்தான்.

விதியை மீறவில்லை, கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். வீட்டில் ஓர் அறையை நான் திறப்பதில்லை. எந்த அறை என்று எழுதவில்லை.


கண்ணாடிக் கடை
ஏப்ரல் 11

லிஃப்ட் பெல்ட்டில் தொங்காதீர்கள். அதில் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கிறது. விழுந்தால் கழற்ற முடியாது.

தனியாகப் போகாதீர்கள். இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். படகு கவிழ்ந்தால் நிமிர்த்த இரண்டு பேர் எடை வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்தே எத்தனை தடவை திணறியிருக்கிறோம்? நீங்கள் என்ன எடை என்று எனக்குத் தெரியும். அங்கே சமைப்பது யார் என்றும் தெரியும். இப்போது அதிலும் குறைந்திருப்பீர்கள்.

அப்படியும் கேட்கமாட்டீர்கள் என்பதால் இன்னொன்று எழுதுகிறேன். கவிழ்ந்தால் பிடித்து இழுக்கும் தடிக் கயிறு வலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும். அதைத் தொங்கவிடாமல் பிடித்து வைப்பதும் ஓர் எலாஸ்டிக்தான். அதையும் மாற்றுங்கள். ஒன்று செத்தால் மற்றதும் செத்திருக்கும், ஒரே நாளில் கட்டியது.

பட்டையை எடுத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் பார்த்தால் எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன். அதனால்தான் நீங்கள் இல்லாதபோது எடுத்தேன். இங்கே அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்த ஊரில் தண்ணீர் என்று இருப்பது குழாயில்தான், அதுவும் காலையில் மட்டும்.

ஒன்று கேட்கிறேன். நாங்கள் இந்த ஊருக்குக் கிளம்பியபோது, ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றீர்களே, ஏன் வரவில்லை? ஸ்டேஷனை ஒட்டி இந்த வீட்டைப் பார்த்ததே, உங்கள் கம்பெனி ஒர்க்‌ஷாப் எதிரில் இருக்கிறது என்பதற்காகத்தான். வேறு நல்ல வீடுகள் கிடைத்தன. அவருக்கு நடக்கிற தூரமாக இருக்கணும் என்று அக்கா சொன்னாள். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ரயில் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்கிறோம். பல சமயம் தொடர்வதும் இல்லை.

அக்காவைப் பற்றி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு நானே எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு எழுதப் பார்த்தேன், நேரமில்லை.


ஏரிக்கரை வீடு
ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

ஸ்டேஷனை ஒட்டி வீடு பார்த்த விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டேன். கம்பெனியில் ஆள் இல்லை என்று ஒருவரிடம், வீட்டை விற்க விலை படியவில்லை என்று இன்னொருவரிடம். ஏரியை விட்டு வர மனமில்லை என்று நீங்களாகவே ஒன்றை வைத்துக்கொண்டீர்கள், நானும் மறுக்கவில்லை. இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். ஒரு நாள் பார்த்தால் உன் அக்கா கேட்பதை நிறுத்தியிருந்தாள். கேட்காத பிறகு எப்படிப் போய் நிற்பது?

ஆனால் மாப்பிள்ளை, இதையும் யோசித்துப் பார். உன் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது, போனாள். சரி. அக்காவுக்குத் துணை என்று நீயும் போனாய். அதுவும் சரி. உங்கள் இரண்டு பேரையும் வண்டியேற்றிவிட்டுத் திரும்பி வந்து இந்த வீட்டைத் திறந்தவன் நான். போனவர்கள் நீங்கள், பழி மட்டும் நின்றவன் தலையிலா?

தடிக் கயிற்றுக்கும் எலாஸ்டிக் மாற்றிவிட்டேன். தனியாகப் போகாதே என்கிறாய். யாரோடு போவது என்றும் எழுதியிருக்கலாம்.


கண்ணாடிக் கடை
மே 9

உங்கள் போன் கிடைக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன். கடை போன் அடித்தது, முதலாளி என்னிடம் கொடுத்தார். யாரோ ஒருவர், ஏரியில் மோட்டார் லாஞ்ச் ஓட்டுகிறவராம். “உங்க மச்சானத் தண்ணியிலேருந்து தூக்கியிருக்கோம்” என்றார்.

தூக்கியிருக்கோம் என்றால் என்ன அர்த்தம்? முதலாளிதான் போனை வாங்கி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. பெரியவரின் கண்ணாடி கீழே விழுந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை.

மறுநாள் லாஞ்ச்காரருக்கே போன் செய்தேன். நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்.

என்ன நடந்தது என்று முழுதாக எழுதுங்கள். வேடிக்கையாக எழுதாதீர்கள்.


ஏரிக்கரை வீடு
மே 14

மாப்பிள்ளைக்கு,

போன் தண்ணீரோடு போய்விட்டது. புதிது வாங்கவில்லை. அடிக்கிறவர் கம்பெனி மேலாளர் ஒருவர்தான், அவர் நேரிலேயே திட்டிக்கொள்கிறார்.

வேடிக்கையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் காற்று மிதமாகத்தான் இருந்தது. தள்ளி இறக்கினேன், பாய் ஏற்றினேன், நன்றாகவே போனது. நடு ஏரி தாண்டிய பிறகு காற்று கூடியது. ஒரு பக்கத்து மிதவை தண்ணீரை விட்டு மேலே எழுந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நீ கம்பியில் போய் நிற்பாய், படகு படிந்துவிடும். எனக்கு வாயில் உன்னைக் கூப்பிடுகிற சொல் வந்துவிட்டது, மாப்பிள்ளை. சத்தமாகவே வந்தது. அப்புறம்தான் யாருமில்லை என்று பாயைத் தளர்த்தப் போனேன். அதற்குள் சாய்ந்துவிட்டது.

நீ சொன்ன எலாஸ்டிக் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கையை விட்டதும் தடிக் கயிறு உடனே கிடைத்தது, எங்கேயும் சிக்கவில்லை. மேலே வீசி, கீழ் மிதவையில் நின்று, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்துத் தொங்கினேன். பாய்மரம் தண்ணீரை விட்டு ஒரு கை உயரம் எழும்பும், அப்படியே நிற்கும், மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். கை தோல் உரியும் வரை செய்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை. கவிழ்ந்த படகின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கரை தெரிந்தது. வீடும் தெரிந்தது, கொடியில் காயப்போட்ட சட்டை கூடத் தெரிந்தது. பயமாக இருக்கவில்லை. அதுதான் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சாயங்காலம் நான் திரும்பாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். திங்கட்கிழமை கம்பெனியில் தேடுவார்கள். அதற்கு முன்னால் அந்தச் சட்டையை யாரும் எடுக்கப்போவதில்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன், சட்டை இரண்டு நாள் வெயிலில் கிடந்து வெளுத்துப்போகுமே என்று.

லாஞ்ச் வந்து, கயிறு போட்டுப் படகை நிமிர்த்திக் கரைக்கு இழுத்து வந்தார்கள். துண்டு கொடுத்து டீயும் கொடுத்தார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த ஆளை யாரிடமாவது சொல்லித்தான் அனுப்புவார்களாம். “வீட்ல யாருக்குச் சொல்லணும்?” என்று லாஞ்ச்காரர் கேட்டார். யாருமில்லை என்றேன். “அப்படி ஒரு மனுசன் இருக்க முடியாதுங்க, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். யோசித்தேன். நீ கடிதம் அனுப்பும் உறையில் கடையின் நம்பர் அச்சடித்திருக்கிறதே, அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. என்ன உறவு என்று கேட்டார். அவசரத்தில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

கடையில் எல்லார் முன்னாலும் உனக்குச் சங்கடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரியவரின் கண்ணாடி உடைந்ததா?


கண்ணாடிக் கடை
மே 24

மச்சான்,

கண்ணாடி உடையவில்லை. காதில் மாட்டும் கம்பி ஒன்று மட்டும் கோணிவிட்டது, நிமிர்த்திக் கொடுத்தேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் என் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டுவிட்டாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். படகு கவிழ்ந்ததைச் சொன்னேன். “அவருக்கு நீந்தத் தெரியும்” என்றாள். மீதித் துணியையும் போட்டு முடித்து மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு ரயில் போயிற்று. அது போன பிறகு, “இத்தனை நாளா எழுதிக்கிட்டா இருக்கீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். “போய்ப் பாத்துட்டு வா. என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்னு இல்ல.”

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறு இரவு வண்டிக்குத் திரும்ப வேண்டும். பைக் எலாஸ்டிக்கை எல்லாம் கழற்றி வையுங்கள். இங்கே கூடாரச் சாமான் விற்கும் கடையில் நல்லது பார்த்து வைத்திருக்கிறேன், வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாங்கும். பட்டையும் கொண்டுவருகிறேன்.

நான் வரும்வரை படகைத் தொடாதீர்கள். துடைப்பதானால் துடையுங்கள்.


ஏரிக்கரை வீடு
ஜூன் 17

மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஸ்டேஷனிலிருந்து நடந்தே திரும்பினேன். கடைசி பஸ் இருந்தது, ஏறத் தோன்றவில்லை.

காலையில் வேலைக்குப் போகும் முன் படகைப் போய்ப் பார்த்தேன். நான் எப்போதோ கட்டி வால் வாலாக விட்டிருந்த கயிற்று நுனிகளையெல்லாம் நீ வெட்டி, நெருப்புக் காட்டி உருட்டி வைத்திருக்கிறாய். நம் எலாஸ்டிக் மட்டுமில்லை, எல்லாக் கயிறும். எப்போது செய்தாய்? நான் சமைத்துக்கொண்டிருந்தபோதா? சாப்பாட்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதற்கும் நன்றி.

வளையங்கள் இப்போது அசைவதில்லை. இழுத்துப் பிடித்த மாதிரி படகோடு ஒட்டி நிற்கின்றன. இராத்திரி ஒரு சத்தமும் இல்லை. கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தேன் என்றால் சிரிப்பாய்.

நீ கொஞ்சம் பருத்திருக்கிறாய். படகுக்கு நல்லதுதான். நீ கம்பியில் நின்று உடம்பை நீட்டியதும் அது எப்படிப் படிந்து ஓடியது, பார்த்தாய் அல்லவா? உன் முதுகு அலையைத் தொட்டுத் தொட்டு வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகும் எப்போது சாய வேண்டும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கே, படகில் வைத்து உன்னிடம் ஒன்று கேட்டேன். நீ பாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். காற்றில் காதில் விழவில்லை போலிருக்கிறது. கரைக்கு வந்த பிறகு மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறது, தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அவள் என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறாளா? இதுதான் கேட்டது.


கண்ணாடிக் கடை
ஜூன் 28

மச்சான்,

காதில் விழுந்தது. அன்று காற்று அப்படியொன்றும் இல்லை.

கேட்பதில்லை.

இதைக் கம்பியில் தொங்கிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதுவதும் சுலபமாக இல்லை. ஆனால் நீங்கள், காதில் விழவில்லை போலிருக்கிறது என்று எனக்கும் சேர்த்துப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை வாங்கிக்கொண்டால் அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி வரும்.

நான் திரும்பி வந்த அன்று, கழுத்தெல்லாம் வெயிலில் கறுத்துப்போய் வந்து நின்றேன். அங்கே சமையலறை ஜன்னல் இன்னும் மூடாமல் இடிக்கிறதா என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். மழைத் தண்ணீர் உள்ளே வருமே என்றாள். அவ்வளவுதான். வீட்டைப் பற்றிக் கேட்டாள், உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. இதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொண்டு இராத்திரி விழித்துக் கிடக்காதீர்கள். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். முன்பைவிட நன்றாகத் தூங்குகிறாள். தெரியாமல் இருப்பதைவிட இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது.

இரண்டு வருஷம் நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. போன் பண்ணாதீர்கள் என்று நான் சொன்னது தீர்ப்பு வந்த அன்றுதானே, அதற்கு முன்னால் யார் தடுத்தார்கள்? அப்புறம் கயிறு அறுந்ததும் எழுதினீர்கள், முதல் கடிதத்தின் கடைசி வரியில் அக்கா சௌக்கியமா என்று. நான் சௌக்கியமா என்று அதில் எங்கேயும் இல்லை. இரண்டு நாள் கூடவே இருந்தேன். அப்போதும் கேட்கவில்லை.

அக்கா உங்களை விட்டு வந்தாள். நான் யாரையும் விட்டு வரவில்லை, மச்சான். அவளோடு வந்தேன், அவ்வளவுதான். ஆனால் எனக்கும் சேர்த்தே முடிந்துபோயிற்று. அவளுக்கு அழ ஒரு காரணம் இருந்தது, வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் கூடப் படகில் போன ஆள் இல்லாமல் போனதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது? சிரிப்பார்கள்.

அவளைத் தெரிந்துகொள்ள எனக்கு எழுதுவதானால் வேண்டாம். எனக்கு எழுதுவதானால் எழுதுங்கள்.


ஏரிக்கரை வீடு
ஜூலை 9

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கோபம் இருந்தது, மற்றதில் சமாதானம் இருந்தது. இரண்டுமே உனக்கு எழுதிய மாதிரி இல்லை.

முதல் கடிதம் அவளுக்காகத்தான் எழுதியது. நீ கண்டுபிடித்தது சரி. கயிற்றின் வழியை நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு ஓட்டை, ஒரு வலை, இதில் என்ன சூத்திரம் இருக்கிறது? மற்ற கடிதங்களைப் பற்றி இப்படி உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கவிழ்ந்துகொண்டிருந்தபோது வாயில் வந்தது அவள் பெயரில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

கேட்பதில்லை என்று நீ எழுதியதைப் படித்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பசித்தது. சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை, கோணல் மாணலாகத்தான் வரும். இங்கே இருந்தபோது அடிக்கடி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாய். லென்ஸ் தேய்க்கிற தூசியா, தூக்கமில்லாததா? வேலை பிடித்திருக்கிறதா, அல்லது கிடைத்ததே என்று செய்கிறாயா? சாயங்காலம் கடை அடைத்த பிறகு எங்கே போவாய்? நேராக வீட்டுக்கா? அந்த ஊரில் கூடப் போய் டீ குடிக்க உனக்கு ஆள் இருக்கிறார்களா? உனக்கென்று யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாயா? உன் வயதில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல வந்தேன். அது நல்ல உதாரணம் இல்லை, விடு.

முதுகு எப்படி இருக்கிறது? இத்தனை நாள் கழித்துத் தொங்கியிருக்கிறாய், வலித்திருக்கும். நீ சொல்லவில்லை. எனக்கு நீ போன அன்றிலிருந்து இடுப்பைத் திருப்ப முடியவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வாரம் காற்றே இல்லை. ஏரி தட்டு மாதிரி கிடக்கிறது. ஆகஸ்டில் நல்ல காற்று இருக்கும். லீவு கிடைக்குமா என்று முதலாளியைக் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் நான் வரட்டுமா? ஸ்டேஷனில் இறங்கிக் கடைக்கு வருகிறேன், வீட்டுப் பக்கம் வரமாட்டேன். மத்தியானம் எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன்.

முதலில் மேலே கேட்டதற்கெல்லாம் பதில் எழுது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.